லெஸ்டாட்டை நரகத்துக்கு அனுப்பியது சரியா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர், ஒரே நாவலை ஒரே சமயத்தில் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடிப் பேசுவோம். சென்ற ஆண்டிலிருந்து ஆன் ரைஸின் ரத்தக்காட்டேரி நாவல்களை வரிசையாகப் படித்து வருகிறோம். நான்காவது வரை பெரிய சண்டை இல்லை. ஐந்தாவதான 'மெம்னாக் தி டெவில்' வந்ததும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம். "இவர் எழுதியதிலேயே இதுதான் உச்சம்" என்கிறாள் என் தங்கை. மதினி பாதியில் மூடி வைத்துவிட்டார். காட்டேரிக் கதை கேட்க வந்தால் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறார் என்பது அவர் புகார். தேவாலயத்துக்குத் தவறாமல் போகும் எங்கள் தோழி ஒருத்தி, ஒரே ஒரு காட்சியைப் படித்ததும் "இனி இந்த வரிசையே வேண்டாம்" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் கடைசிப் பக்கம் வரை படித்தேன். பிடித்ததா என்று கேட்டால்தான் பதில் வரவில்லை. நால்வரில் யார் சொல்வது சரி? இதற்குமேல் இந்த வரிசையைத் தொடரலாமா?

— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

1995இல் அந்த நாவல் வெளிவந்ததிலிருந்து ரைஸின் வாசகர்கள் போட்டுக்கொண்டிருக்கும் சண்டையைத்தான் நீங்கள் நால்வரும் உங்கள் வீட்டில் போட்டிருக்கிறீர்கள். 13 நாவல்கள் கொண்ட இந்த வரிசையில் அபிப்பிராயம் இவ்வளவு கூர்மையாகப் பிரியும் இடம் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. (இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன்.)

யார் சரி என்பதற்கு முன், ஒவ்வொருவரும் எதை நம்பி இந்த வரிசைக்குள் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். உங்கள் மதினி கோத்திக் நாவலை நம்பி வந்தவர் என்று நினைக்கிறேன். அவர் ஏமாந்ததில் நியாயம் இருக்கிறது.

கோத்திக் கதைக்கு முதலில் வேண்டியது ஒரு வீடு. கோட்டையோ, மடமோ, பாழடைந்த மாளிகையோ, ஏதோ ஒன்று. அதற்குள் பூட்டிய அறை, அறைக்குள் பழைய குற்றம், அதை மூடி மறைக்கும் ஒரு குடும்பம். 1764இல் ஹொரேஸ் வால்போல் 'தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ'வை வெளியிட்டபோது பழைய இத்தாலியக் கையெழுத்துப் பிரதியின் மொழிபெயர்ப்பு என்று புளுகித்தான் வெளியிட்டார். பழைய நூல் என்று நம்பி 'மன்த்லி ரிவ்யூ' பத்திரிகை பாராட்டியது. அடுத்த ஆண்டே இரண்டாம் பதிப்பில், எழுதியது நான்தான் என்று அவர் ஒப்புக்கொண்டதும் அதே பத்திரிகை கடிந்து எழுதியது. கதையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. என்ன படிக்கிறோம் என்ற நம்பிக்கை மாறியதும் தீர்ப்பும் மாறிவிட்டது. கோத்திக் பிறந்த அன்றே அபிப்பிராய பேதமும் கூடப் பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1897இன் 'டிராகுலா'வும் அப்படித்தான். முதல் நான்கு அத்தியாயங்களில் ஜோனதன் ஹார்க்கர் அந்தக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கிறார். கதை இங்கிலாந்துக்கு நகர்ந்த பிறகு அந்தப் பயம் திரும்பவே இல்லை என்று குறைபடுகிற வாசகர்கள் இன்றும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

ரைஸ் 1976இல் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' வழியாக உள்ளே வந்தபோது கோட்டை தேவைப்படவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சின்ன அறை, ஒரு டேப் ரெக்கார்டர், கேள்வி கேட்கும் ஓர் இளைஞன், பதில் சொல்லும் லூயி. 1791இல் ரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்டவன், நியூ ஆர்லியன்ஸில் தன்னை மாற்றிய லெஸ்டாட்டோடும், ஐந்து வயதிலேயே மாற்றப்பட்டுவிட்ட குளோடியாவோடும் குடும்பம் நடத்திய கதையைச் சொல்கிறான். வீடு, ரகசியம், குற்றம், குடும்பம் என்று கோத்திக்குக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

ஒரு காட்சியை மட்டும் கிட்ட வைத்துப் பாருங்கள். பாரிஸில் பொம்மை செய்யும் மாட்லின் என்ற பெண், இறந்துபோன தன் மகளின் முகத்தையே திரும்பத் திரும்பப் பொம்மைகளாகச் செய்துகொண்டிருக்கிறாள். குளோடியா அவளிடம் கேட்பது குழந்தைப் பொம்மை அல்ல, வளர்ந்த பெண்ணின் பொம்மை. கிடைத்த பொம்மையைக் கைக்குள் வைத்து நொறுக்குகிறாள். அவள் எத்தனை நூறு ஆண்டு வாழ்ந்தாலும் அந்தப் பொம்மையின் உடம்புக்கு வளரப்போவதில்லை. இதற்கு ஆசிரியர் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. உடைந்த துண்டுகள் கையிலிருந்து விழுகின்றன, அவ்வளவுதான். ரைஸின் மகள் மிஷேல் 1972இல் ஆறு வயதுகூட நிரம்பாமல் ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். மறு ஆண்டு சில வாரங்களுக்குள் எழுதிய நாவல் இது. அந்தச் செய்தி தெரியாமல் படித்தாலும் துக்கம் வந்து சேர்ந்துவிடும். மதினி தேடியது இந்த ரைஸைத்தான்.

ஆனால் இந்த வரிசை ஒரு நாளும் ஒரே மாதிரி நாவலாக இருந்ததில்லை. முதல் நாவலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒன்பது ஆண்டுகள். 1985இல் வந்த 'தி வாம்பயர் லெஸ்டாட்' எப்படித் தொடங்குகிறது? பூமிக்கடியில் தூங்கிக் கிடந்த லெஸ்டாட் 1984இல் விழித்து, லூயி சொன்ன கதையைப் படிக்கிறான். கோபம் வருகிறது. தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஒரு ராக் இசைக்குழுவில் சேர்ந்துகொண்டு சுயசரிதையும் எழுதுகிறான். அதாவது இந்த வரிசையின் இரண்டாவது புத்தகமே முதல் புத்தகத்துக்கு வந்த ஒரு வாசகரின் மறுப்புக் கடிதம்! முதலில் கொடூரனாகத் தெரிந்தவன் இதில் நாயகன். லூயி சொன்னதை நம்புவதா, லெஸ்டாட் சொல்வதை நம்புவதா என்று முடிவு செய்யும் வேலையை ரைஸ் நம்மிடமே விட்டுவிட்டார். இந்த வரிசையின் வாசகர்கள் ஒத்துப்போகாமல் இருப்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

1988இன் 'தி குயின் ஆஃப் தி டாம்ன்ட்' காட்டேரிகளின் ஆதித் தாயைத் தேடிப் பண்டைய எகிப்து வரை போனது. 1992இன் 'தி டேல் ஆஃப் தி பாடி தீஃப்' உடல் திருட்டைப் பற்றிய துரத்தல் கதை. சொகுசுக் கப்பலெல்லாம் வரும். ஒவ்வொரு முறையும் வீடு பெரிதாகிக்கொண்டே போனது. ஐந்தாவதில் சுவர்களே இல்லை. கதை சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் போய்விட்டது. நீங்கள் நால்வரும் நான்காவது வரை ஒற்றுமையாக வந்ததுதான் எனக்கு வியப்பு.

'மெம்னாக்'குக்கு வருவோம். இதற்கு மொத்தமாக ஒரு மதிப்பெண் போட முயன்றதால்தான் உங்களுக்குப் பதில் வரவில்லை என்பது என் ஊகம். இது ஒரு அட்டைக்குள் கட்டிய மூன்று புத்தகம். மூன்றின் தரமும் ஒன்றல்ல.

முதல் பகுதி நியூயார்க்கில், குளிர்காலத்தில் நடக்கிறது. ரோஜர் என்ற போதைப்பொருள் வியாபாரியை லெஸ்டாட் பின்தொடர்கிறான். ரோஜருக்கு மதக் கலைப்பொருட்களைச் சேகரிக்கும் பைத்தியம். அவனுடைய வீட்டில் திருவுருவங்களுக்கு நடுவே கறுத்த, சிறகு முளைத்த ஒரு சிலை நிற்கிறது. லெஸ்டாட் அவனைக் கொன்று, உடலைத் துண்டுபோட்டு ஊரெங்கும் ஒளித்துவிட்டு ஒரு மதுக்கூடத்தில் வந்து உட்காருகிறான். பக்கத்தில் ரோஜரின் ஆவி உட்கார்ந்திருக்கிறது. தோளில் ஏறிய வேதாளம்போல அது கதை சொல்லத் தொடங்குகிறது. நியூ ஆர்லியன்ஸில் கழிந்த இளமை, அம்மா நடத்திய தங்கும் விடுதி, அங்கே குடியிருந்த கிழவர், தான் தேடித் தேடிச் சேர்த்த ஓவியச் சுவடிகள் என்று நீண்டு, கடைசியில் ஒரு வேண்டுகோள் வருகிறது: தொலைக்காட்சியில் மதப் பிரசங்கம் செய்யும் என் மகள் டோராவை நீதான் காப்பாற்ற வேண்டும். கொன்றவனிடம் கொல்லப்பட்டவன் பெண்ணை ஒப்படைக்கிறான். காட்டேரி நாவல்களில் ஆவியும் காட்டேரியும் இப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருவர் வாழ்க்கையை ஒருவர் கேட்டுக்கொள்ளும் இடம் அபூர்வம். இந்தப் பகுதி ரைஸின் மிகச் சிறந்த எழுத்தில் சேரும். மதினி இதைத் தாண்டித்தான் மூடியிருப்பார்.

நடுப்பகுதியில் சாத்தான் மெம்னாக் வருகிறான். லெஸ்டாட்டைத் தன் உதவிக்கு அழைக்கிறான். தானும் கடவுளும் ஏன் பிரிந்தோம் என்று உலகத் தோற்றத்திலிருந்து ஆரம்பிக்கிறான். உயிர்கள் தோன்றியது, சாவு வந்தது, மனிதர்கள் படும் வேதனையைப் பார்த்து அவன் கடவுளிடம் முறையிட்டது, பெண்ணைச் சேர்ந்து மனிதனாக வாழ்ந்தது என்று விடாமல் பேசுகிறான். கேள்வி பெரியது. வேதனைப்படுத்தித்தான் ஆன்மாவைச் சுத்தப்படுத்த வேண்டுமா, அப்படி ஏற்பாடு செய்த கடவுள் நல்லவரா என்று ஒரு சாத்தான் கேட்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஒருவன் பேசுகிறான், மற்றவன் தலையாட்டுகிறான். முந்தைய நான்கு நாவல்களில் யாரையும் குறுக்கிடாமல் விடாத லெஸ்டாட் இங்கே வாயடைத்து உட்கார்ந்திருப்பதுதான் பெரிய குறை. வாதத்துக்கு எதிர்வாதம் இல்லை என்றால் அது பிரசங்கம்தான். இந்த இடத்தில் என் ஓட்டு மதினிக்கு.

உங்கள் தங்கை இதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள். "முடிவைப் பார்த்தீர்களா? அத்தனையும் சாத்தான் விரித்த வலையாக இருக்கலாமே!" உண்மைதான். லெஸ்டாட் நரகத்திலிருந்து தப்பி ஓடும்போது ஒரு கண்ணை இழக்கிறான். ஆனால் கிறிஸ்து கல்வாரிக்குச் சிலுவை சுமந்து போகும் வழியில் கிடைத்த, அவர் முகம் பதிந்த வெரோனிக்காவின் துகில் கையில் இருக்கிறது. டோரா அதை உலகத்துக்குக் காட்டுகிறாள். கூட்டம் கூட்டமாக மக்கள் மண்டியிடுகிறார்கள். அதைக் கண்ட ஆர்மண்ட் என்ற காட்டேரி வெயிலில் போய் நின்று எரிகிறான். பிறகு இழந்த கண் ஒரு சீட்டோடு திரும்பி வருகிறது. சாத்தான் நன்றி சொல்லியிருக்கிறான்! பார்த்ததெல்லாம் மெய்யா, நாடகமா, தன்னை வைத்து யார் எதைச் சாதித்தார்கள் என்று தெரியாமல் லெஸ்டாட் கதறுகிறான், அவனைச் சங்கிலியால் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது. சாட்சியை நம்பலாமா என்ற கேள்வியோடு கோத்திக் இங்கே திரும்பி வந்துவிடுகிறது, வால்போலின் போலிக் கையெழுத்துப் பிரதியைப்போலவே. அருமையான முடிவு. ஆனால் சாத்தான் வேண்டுமென்றேதான் அலுப்பூட்டினான் என்று சொல்லி, அலுத்த பக்கங்களுக்கு விலக்கு வாங்க முடியாது. உச்சம் என்று தங்கை சொல்வது கடைசிப் பகுதிக்குப் பொருந்தும், நாவல் முழுமைக்கும் பொருந்தாது.

தோழியின் விஷயம் வேறு. அவளை நிறுத்திய காட்சி எது என்று நீங்கள் எழுதவில்லை. சிலுவைப் பாதையில் லெஸ்டாட் கிறிஸ்துவின் ரத்தத்தைக் குடிக்கும் காட்சியாகத்தான் இருக்க வேண்டும். நற்கருணையை மையமாகக் கொண்ட ஒரு நம்பிக்கையில் வளர்ந்தவருக்கு அது எங்கே போய்த் தைக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "இது இலக்கியம், பொறுத்துக்கொள்" என்று நீங்கள் அவளிடம் வாதாடியிருந்தால் அது தேவையற்றது. அவள் நாவலைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. உங்கள் மூவரைவிட நேராகப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்றே சொல்வேன், ஏனென்றால் ரைஸுக்கும் அது விளையாட்டுக் காட்சி அல்ல. நியூ ஆர்லியன்ஸில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளம்பெண்ணாக இருக்கும்போதே திருச்சபையை விட்டார், 1998இல் திரும்பினார், 2010இல் கிறிஸ்தவத்திலிருந்தே விலகுவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். 'மெம்னாக்' வந்தது திரும்புவதற்கு மூன்று ஆண்டு முன்பு. நாவலில் டோரா குடியிருக்கும் செயின்ட் எலிசபெத் மடம்கூடக் கற்பனை இல்லை. நியூ ஆர்லியன்ஸ் நெப்போலியன் அவென்யூவில் அநாதை விடுதியாக இருந்த கட்டடம், அதை 1993இல் ரைஸே விலைக்கு வாங்கி, தான் சேர்த்த பொம்மைகளை அங்கே வைத்திருந்தார். கதையில் வரும் வாக்குவாதம் அவருடைய சொந்த வீட்டில் நடந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் வாழ்க்கைக் குறிப்பைக் கொண்டு நாவலை மன்னித்துவிடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஆசிரியர் உண்மையாக வேதனைப்பட்டார் என்பதால் வாசகர் உண்மையாக அலுத்துப்போகக் கூடாது என்று சட்டம் இல்லை.

ரைஸ் இதை ஏற்றிருக்க மாட்டார். 2003இல் வெளிவந்த 'பிளட் கேன்டிகில்' என்ற பத்தாவது நாவலை அமேசான் தளத்தில் வாசகர்கள் கடுமையாக விமர்சித்தபோது, மறு ஆண்டு அவரே அதே இடத்தில் நீண்ட பதில் எழுதினார். தவறான கோணத்திலிருந்து நாவலைக் கேள்வி கேட்கிறீர்கள் என்றார். தன் எழுத்தில் எந்த எடிட்டரையும் கைவைக்க விடுவதில்லை என்று பெருமையாகவே சொன்னார். பிடிக்காதவர்கள் புத்தகத்தை அனுப்பினால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் எழுதினார். கணவர் ஸ்டான் ரைஸை 2002 டிசம்பரில் பறிகொடுத்திருந்த காலம் அது, கோபத்தின் பின்னணி புரிகிறது. வாசகர்கள் பழைய நாவலை மனதில் வைத்துக்கொண்டு புதியதை அளக்கிறார்கள் என்ற அவரது ஆதங்கத்திலும் ஓரளவு நியாயம் உண்டு. எடிட்டர் விஷயத்தில் அவர் பக்கம் நிற்க என்னால் முடியாது. 'மெம்னாக்'கின் நடுப்பகுதியில் துணிச்சலான ஓர் எடிட்டர் பாதியை வெட்டியிருந்தால், உங்கள் மதினி கடைசிப் பக்கம் வரை வந்திருப்பார்.

வரிசை நாவல்களுக்கே உரிய இன்னொரு நோயையும் சொல்லிவிடுகிறேன், தொடர்வதா என்று நீங்கள் முடிவெடுக்க உதவும். வெயிலில் எரிந்த ஆர்மண்டுக்காக நீங்கள் கலங்கியிருந்தால், 1998இல் வந்த ஆறாவது நாவலின் பெயரே 'தி வாம்பயர் ஆர்மண்ட்'. பிழைத்துவிட்டான்! நீண்ட வரிசையில் சாவுக்கு மதிப்புக் குறைந்துகொண்டே போகும். வாசகர்கள் முணுமுணுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எனவே நால்வரும் இனி ஒரே புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்ற விதியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். தங்கை ஆர்மண்டுக்குப் போகட்டும், அவளுக்கு அதில் வேண்டியது கிடைக்கும். மதினிக்கு இந்த வரிசையே வேண்டாம்; ரைஸ் 1990இல் எழுதிய 'தி விச்சிங் அவர்' கொடுங்கள். சூனியக்காரப் பரம்பரை ஒன்றும், நியூ ஆர்லியன்ஸில் பழைய வீடு ஒன்றும் உண்டு. அந்த வீடு ரைஸ் குடியிருந்த ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட் வீடேதான். நீளமான நாவல், நடுவே குடும்ப வரலாறு ஒன்று நெடுகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு என்னைத் திட்ட வேண்டாம். அவ்வளவு பக்கம் முடியாது என்றால் ஜோசஃப் ஷெரிடன் லெ ஃபனுவின் 'கார்மிலா' போதும். 'டிராகுலா'வுக்கும் கால் நூற்றாண்டு மூத்தது, ஒரே மாலையில் முடித்துவிடலாம். தோழி விரும்பினால் மட்டும், 2005இல் வந்த 'கிரைஸ்ட் தி லார்ட்: அவுட் ஆஃப் ஈஜிப்ட்' நாவலைக் காட்டுங்கள். ஏழு வயது இயேசு தன் கதையைச் சொல்வதாக ரைஸ் எழுதியது. அவளைத் திருப்பி அனுப்பிய அதே கைதான் அதையும் எழுதியது. வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

உங்களுக்கு என் யோசனை: அடுத்ததற்கு ஓடாமல் 'மெம்னாக்'கின் நியூயார்க் பகுதியை மட்டும் மறுபடி படியுங்கள், நடுவைத் தாண்டிக் கடைசி அத்தியாயங்களுக்குப் போங்கள். அப்படிப் படித்தால் பிடிக்கும் என்றே நம்புகிறேன். பிடிக்காவிட்டால் வரிசையை அங்கேயே விட்டுவிடுங்கள், பின்னால் வரும் எட்டில் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' அளவுக்கு நல்ல நாவல் எதுவும் இல்லை.